மணி ஒலிக்காத நாட்களில் ஒரு பந்தயம்

மகர சங்கராந்தி பிறந்ததும், இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில், மணாலிக்கு மேலே உள்ள ஒன்பது சிற்றூர்களில் ஆலயமணிகளைக் கட்டிவிடுகிறார்கள். கோஷால், புருவா, பல்சான், சோலாங் முதலியன அவ்வூர்கள். கௌதம மகரிஷியும் வியாச மகரிஷியும் நாகதேவரும் அன்று தவத்தில் அமர்வதாகவும், 42 நாட்கள் கழித்தே கண் திறப்பதாகவும் அங்குள்ளோர் நம்புகின்றனர். அதுவரை ஊருக்குள் உரத்த பேச்சு இல்லை; தொலைக்காட்சி இல்லை; கொட்டு முழக்கம் இல்லை. வயலிலோ ஆப்பிள் தோட்டத்திலோ மண்ணைக் கொத்துவதும் கூடாது. கோஷால் ஆலயத்தின் தரையில் முதல் நாள் மண்ணைப் பரப்பி மூடுவார்கள். விரதம் முடியும் நாளில் அதை விலக்கும்போது பூவோ, தானியமோ, கரித்துண்டோ, எது கண்ணில் படுகிறதோ அதைக் கொண்டு வரும் ஆண்டின் பலனைச் சொல்வது வழக்கம்.

அவ்வூர்களின் அருகே ஓடும் பியாஸ் நதிக்கு விபாசா என்று பழம்பெயர். மைந்தர்களை இழந்த துயரத்தில் வசிஷ்டர் தம்மைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு அந்நதியில் விழ, நதி அவருடைய கட்டுகளை அவிழ்த்துக் கரைசேர்த்தது என்று மகாபாரதம் கூறும். கட்டவிழ்த்தவள் ஆதலால் விபாசா. மணாலிக்கு எதிரே, வெந்நீர் ஊற்றுடன் வசிஷ்டர் ஆலயம் இன்றும் இருக்கிறது. இத்தகைய மண்ணில், தேவர்கள் மௌனம் பூண்ட அதே நாட்களில்தான் சிறுவர் சிறுமியரின் பனிச்சறுக்குப் பந்தயப் பருவமும் வருகிறது. இரண்டுக்கும் ஒரே காலம் வாய்த்ததை யாரும் திட்டமிடவில்லை. பனி அப்போதுதான் விழுகிறது, அவ்வளவுதான்.

சோலாங் சரிவு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சமவெளியிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகள் அங்கே வாடகை அங்கியை மாட்டிக்கொண்டு பனியில் உருண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். மணாலியிலிருந்து செல்லும் சாலையின் இருமருங்கிலும் எண் இட்ட கடைகள் வரிசையாக நிற்கும். பனி அங்கி, ரப்பர்க் காலணி, கையுறை எல்லாம் அவற்றில் வாடகைக்குக் கிடைக்கும். அந்தக் கடைகளில் ஒன்றை நடத்துபவர், கால் சற்றுச் சாய்ந்து நடப்பவர், ஒரு மூதாட்டியின் இளைய மகன். அவருடைய மகள் 13 வயதினள். ஊரார் நடத்தும் சிறுவர் பனிச்சறுக்குச் சங்கத்தில் நான்காண்டுகளாகப் பயின்றுவருகிறாள்.

சங்கம் என்றதும் கட்டடத்தை எண்ண வேண்டாம். கல்லும் தேவதாரு மரமும் அடுக்கடுக்காக வைத்துக் கட்டிய ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில், மாடு கட்டும் இடத்திற்குப் பக்கத்து அறைதான் அது. சுவரில் அறைந்த ஆணிகளில் இருபது இருபத்தைந்து இணை ஸ்கீ பலகைகள் தொங்கும். பெரும்பாலானவை வாடகைக் கடைகள் கழித்துக் கொடுத்தவை. காலணிகள் அளவு வாரியாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு குழந்தையின் கால் வளர்ந்தால் அக்காலணி அடுத்த குழந்தைக்குப் போகும். மெழுகு பூசுவதற்குத் துணி தேய்க்கும் பழைய இஸ்திரிப் பெட்டி ஒன்று. பலகையின் எஃகு விளிம்பைக் கூர் தீட்ட இரண்டு அரங்கள். கதவின் உட்புறத்தில் தேவியின் சிறு படம் ஒன்று. பயிற்சியாளர் தம் இளமையில் மாநிலத்தின் சார்பில் பந்தயங்களில் ஓடியவர். ஊதியம் கிடையாது. குழந்தைகள் அவரைச் சாச்சா, அதாவது சிற்றப்பா என்று அழைப்பார்கள்.

ஆல்பைன் பந்தயம் என்பது மேலிருந்து கீழே விரைவாக வருவது மட்டும் அன்று. சிவப்பும் நீலமுமாக மாறி மாறிக் கம்பங்களைப் பனியில் நட்டு வைப்பார்கள். ஒவ்வொரு கம்பத்தையும் உரிய பக்கமாக, இரண்டு பாதங்களும் கடக்கும்படி வளைந்து வர வேண்டும். ஒரு பாதம் கம்பத்தின் தவறான பக்கம் சென்றாலும் ஓட்டம் தள்ளுபடி. கம்பங்கள் நெருங்கி நிற்கும் வகைக்கு ஸ்லாலம் என்று பெயர். சரிவில் இட்ட தடம் என்று பொருள்படும் நார்வே நாட்டுச் சொல் அது. ஒருவர் இருமுறை இறங்க வேண்டும். இரண்டு நேரங்களையும் கூட்டி, குறைந்தவரை வென்றவர் என்பார்கள். பெரிய பந்தயங்களில் நொடியை நூறு கூறாக்கி அளக்கிறார்கள். கண் இமைக்கும் பொழுதுக்குள் இரண்டு மூன்று பேர் முன்பின் ஆகிவிடுவது உண்டு.

ஓட்டத்திற்கு முன் குழந்தைகள் செய்யும் ஒரு காரியத்தைக் கண்டால் பக்தர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். கம்பங்கள் நட்ட பாதையைப் பக்கவாட்டில் மெல்லச் சறுக்கிப் பார்வையிட்டு மனப்பாடம் செய்துகொண்டு, பின் மேலே நின்று கண்களை மூடிக்கொள்கிறார்கள். வலக்கை உள்ளங்கையை முகத்துக்கு முன்னே நீட்டி, இடமும் வலமுமாக வளைத்து வளைத்து, பாதை முழுவதையும் மனத்துக்குள் ஒருமுறை இறங்கி முடிக்கிறார்கள். உதடுகள் எண்ணிக்கொண்டிருக்கும். சந்தியாவந்தனத்தில் கைமுத்திரை காட்டும் பெரியவரின் முகத்தில் காணும் அதே அடக்கம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் தெரியும். உலகின் பெரிய வீரர்களும் இதையேதான் செய்கிறார்கள். வேறு குறுக்குவழி அந்த விளையாட்டில் இல்லை.

இப்பள்ளத்தாக்கு எளியதன்று. மணாலியில் 1961-ல் மலையேற்றப் பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அது அடல் பிகாரி வாஜ்பாயி பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊர்ப்பிள்ளைகள் மரப்பலகையைச் செதுக்கி, முன்முனையை வளைத்து, தோல்வாரால் காலோடு கட்டிக்கொண்டு சறுக்கிய காலம் உண்டு. அப்படி வளர்ந்த தலைமுறைக்குப் பின் மணாலிப் பகுதியிலிருந்து ஹீரா லால் 2006-ல் டூரின் குளிர்கால ஒலிம்பிக்கிற்குச் சென்றார். 2014-ல் சோச்சிக்கு ஹிமான்ஷு தாக்கூர் சென்றார். அப்போது இந்திய ஒலிம்பிக் சங்கம் தடைக்கு உள்ளாகியிருந்தமையால் நம் வீரர்கள் தொடக்க விழாவில் ஒலிம்பிக் கொடியின் கீழ் நடக்க நேர்ந்தது. பிப்ரவரி 11 அன்று தடை நீங்கியது. ஹிமான்ஷு பனியில் இறங்கும்போது மூவர்ணக் கொடி திரும்பியிருந்தது. அவருடைய தங்கை ஆஞ்சல் தாக்கூர் 2018 ஜனவரியில் துருக்கி நாட்டின் எர்சுரூம் நகரில் நடந்த சர்வதேசப் பந்தயத்தில் ஸ்லாலத்தில் வெண்கலம் பெற்றார். பனிச்சறுக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் சர்வதேசப் பதக்கம் என்று அது அப்போது பாராட்டப்பட்டது. அவருடைய புருவா ஊர், மணி கட்டும் அந்த ஒன்பதில் ஒன்று. அவர்கள் எல்லோருக்கும் முன்னே, 1988-ல் கால்கரியில், சைலஜா குமார் என்ற பெண்மணி ஸ்லாலத்தில் கடைசி இடமாகிய 28-ஆம் இடத்தில் முடித்தார். கடைசி இடம் என்று இன்று சிலர் சிரிக்கக்கூடும். குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய முதல் இந்தியப் பெண்மணி அவர்.

பத்ரிநாத யாத்திரையில் ஜோஷிமடத்து நரசிம்மரைத் தரிசித்தவர்கள், தங்கள் தலைக்கு மேலே ஔலி என்ற சறுக்குச் சரிவு இருப்பதை அறியாமலே வந்திருக்கலாம். 2011-ல் தெற்காசியக் குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடந்தன. கோடையில் சென்றவர்களுக்கு அது வெறும் புல்வெளி.

பனி இப்போது சொன்ன நாளில் வருவதில்லை. 2024 ஜனவரி முழுவதும் மணாலி ஏறத்தாழ வறண்டே கிடந்தது. மாதக் கடைசியில்தான் வெண்மை தெரிந்தது. 2025-ல் காஷ்மீரத்துக் குல்மர்க்கில் பிப்ரவரி 22-ல் தொடங்கவிருந்த தேசியக் குளிர்கால விளையாட்டுகளைப் பனி இல்லாத காரணத்தால் மார்ச் 9-க்குத் தள்ளிவைத்தார்கள். குல்மர்க்கிற்கே அந்த நிலை என்றால் மற்ற சரிவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆப்பிள் மரத்திற்கும் குளிர் போதவில்லை என்று தோட்டக்காரர்கள் கவலைப்படுவது தனிக்கதை.

அண்மையில் அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தில்தான் சங்கம் தன் ஆண்டுப் பந்தயத்தை மாசிப் பிறப்பை ஒட்டி வைத்துக்கொள்ள நேர்ந்தது. வழக்கமாக விரதம் முடிந்தபின் வைப்பார்கள். அவ்வாண்டு விரதம் முடியும்வரை பனி நிற்காது என்று பயிற்சியாளர் கணித்தார். பந்தயத்தில் முதலாவதாக வரும் சிறுமியைக் குல்மர்க்கில் ஒரு பயிற்சி முகாமுக்கு அனுப்புவதாகத் திட்டம். ஊரில் வீடு வீடாகத் திரட்டிய பணம் ஒருத்தியின் செலவுக்கு மட்டுமே போதுமாக இருந்தது.

ஊர்ப் பெரியவர்கள் யோசித்து, ஒலிபெருக்கி கூடாது, மேளம் கூடாது, கூச்சல் கூடாது என்ற நிபந்தனைகளோடு இசைந்தார்கள். பயிற்சியாளர் விசிலையும் தாமாகவே பெட்டியில் வைத்துப் பூட்டினார். எல்லாம் ஒழுங்காயிற்று என்று எண்ணிய வேளையில் அந்த மூதாட்டி சங்கத்து வாயிலில் வந்து நின்றாள்.

அவளை ஊரில் சிறியவர் பெரியவர் அனைவரும் தாதிஜி என்பார்கள். தந்தையைப் பெற்றவளுக்கு அங்கே அதுதான் சொல். தலையில் தட்டுத் துணியும், தோளில் வெள்ளி ஊசி குத்திய கம்பளிப் பட்டும், காலில் புல்லால் பின்னிய பாதரட்சையுமாக வந்தவள், குரல் உயர்த்தாமல் கேட்டாள்:

"கம்பம் நட, கையால் குத்துவீர்களா, யந்திரத்தால் துளைப்பீர்களா?"

"துளைகருவி இருக்கிறது, தாதிஜி. சத்தம் வராது. கையால் சுழற்றுவதுதான்."

"சத்தத்தைக் கேட்கவில்லை, மகனே. எவ்வளவு ஆழம் போகும்?"

"முழங்கை அளவு."

"பனி எவ்வளவு இருக்கிறது?"

பயிற்சியாளர் விடை சொல்லவில்லை. நடுச்சரிவில் பனி ஒரு சாண் கூட இல்லை என்பதை இருவருமே அறிந்திருந்தார்கள். கருவி பனியைக் கடந்து மண்ணுக்குள் இறங்கும். 42 நாட்கள் தோட்டத்தில் களைக்கொட்டுப் படாமல் காத்த ஊரில், விளையாட்டுக்காகப் பூமியில் ஐம்பது துளைகள். பேசாமல் இருப்பது மட்டும் விரதமா, அவர்கள் அமர்ந்திருக்கும் ஆசனத்தைக் குத்துவது குற்றமில்லையா என்று கேட்டுவிட்டு அவள் வந்த வழியே நடந்தாள்.

அவள் கேட்டதில் பக்தி எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று ஊரார் தமக்குள் பேசிக்கொண்டார்கள். காரணம் இல்லாமல் இல்லை. அவளுடைய இளைய மகன் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் அதே சரிவில் மரப்பலகையோடு விழுந்தான். தோல்வார் அவிழவில்லை, கால் திரும்பியபோது எலும்பு முறிந்தது. இன்றைய பலகைகளில் அழுத்தம் மிகுந்தால் காலணியைத் தானே விடுவிக்கும் பூட்டு உண்டு. பிள்ளையின் எடைக்கும் உயரத்துக்கும் வயதுக்கும் தக்கபடி அதைத் திருகி வைப்பார்கள். தலைக்கவசம் இன்றி எவரையும் இறங்க விடமாட்டார்கள். இதையெல்லாம் மகன் பலமுறை விளக்கியிருக்கிறான். முழங்காலின் தசைநார் அறுவதை எந்தப் பூட்டும் முற்றும் தடுக்காது என்பது உண்மை என்பதால், அவன் விளக்கம் ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுவிடும். தாதிஜி பேத்தியைத் தடுத்ததும் இல்லை. அவள் ஓடுவதை ஒருநாளும் சென்று பார்த்ததும் இல்லை.

பயிற்சியாளர் அன்று மாலை குழந்தைகளை உட்காரவைத்துச் செய்தியைச் சொன்னார். பந்தயத்தை விட்டுவிடலாமா என்றுதான் கேட்டார். பேத்திதான் முதலில் எழுந்தாள். மலைக்காட்டில் விறகும் தழையும் சுமக்கப் பெண்கள் முதுகில் மாட்டும் கூம்பு வடிவக் கூடைக்குக் கில்டா என்று பெயர். வீட்டுக்கு ஒரு கில்டா நிச்சயமாக உண்டு. வெயில் படாத ஓடைப்பள்ளத்தில் பனி இடுப்பளவு கிடக்கிறது. சுமந்து வந்து ஒவ்வொரு கம்பத்தின் இடத்திலும் மேடு கட்டினால் கருவி மண்ணைத் தொடாது என்றாள்.

மூன்று நாட்கள் சுமந்தார்கள். முப்பது குழந்தைகள் வரிசையாக, பேச்சில்லாமல், முதுகில் பனியோடு ஏறினார்கள். கொட்டிய பனியைக் காலால் மிதித்து இறுக்கி, மேலே சிறிது உப்புத் தூவினார்கள். உப்புப் பட்டால் பொடிப்பனி உருகி மறுபடி இறுகிக் கல்லாகும். பந்தயப் பாதைகளில் பல நாடுகளிலும் இம்முறை உண்டு. பயணிகள் சிலர் அந்த வரிசையைக் கண்டு ஏதோ நேர்த்திக்கடன் என்று எண்ணிக் கைகூப்பினார்களாம். குழந்தைகள் சிரிப்பை அடக்கியதுதான் அந்த மூன்று நாட்களில் கடினமான வேலை என்று பின்னர் சொன்னார்கள்.

பந்தயத்தன்று தாதிஜி வந்தாள். ஓட்டத்தைக் காண வரவில்லை. கையில் ஒரு கோலுடன் கீழிருந்து மேல் வரை ஒவ்வொரு மேட்டருகிலும் நின்று, கம்பம் நட்ட துளையின் பக்கத்தில் கோலைச் செருகி எடுத்து, நுனியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள். பயிற்சியாளர் பின்னால் கைகட்டி நடந்தார். கடைசிக் கம்பத்தையும் பார்த்தபின் அவள் கோலைத் துடைத்துவிட்டு, ஒரு பாறையில் அமர்ந்தாள். திரும்பிப் போகவில்லை.

பன்னிரண்டு சிறுமியர். அவர்களுள் இருவருக்குத்தான் முதலிடம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒருத்தி பேத்தி. மற்றொருத்தி அவள் தோழி. நேபாளத்திலிருந்து வந்து ஆப்பிள் தோட்டங்களில் கூலிக்கு உழைக்கும் குடும்பத்தின் பெண். ஊர்ப்பணத்தில் வெளியூர்ப் பெண்ணை அனுப்புவதா என்று ஒரு முணுமுணுப்பு முன்பே எழுந்திருந்தது. பயிற்சியாளர் அதற்குக் காது கொடுக்கவில்லை. சங்கத்தில் உருப்படியான பந்தயப் பலகை ஒரே ஓர் இணைதான். வெளிநாட்டுப் பயணி ஒருவர் தம் மகளுக்குச் சிறியதாகிவிட்டது என்று விட்டுச் சென்றது. தோழியர் இருவருக்கும் உயரமும் காலணி அளவும் ஒன்றாக இருந்தமையால், அந்த இணை இருவருக்கும் பொது.

ஆகவே வரிசையை இப்படி அமைத்தார்கள். முதல் ஓட்டத்தில் பேத்தி முதலாவது, தோழி கடைசி. இரண்டாம் ஓட்டத்தில் வரிசை தலைகீழ். பின்னால் வருபவர்களுக்குப் பாதை குழிந்து கரடாகிவிடும் என்பதால் ஒருமுறை ஒருத்திக்கு நல்ல பாதை, மறுமுறை மற்றவளுக்கு. பேத்தி இறங்கி முடித்ததும் பலகையைக் கழற்றிக் கொடுக்க, ஒரு பையன் அதைத் தோளில் போட்டுக்கொண்டு மேலே ஓடினான். கம்பிவடத்து ஊர்தி பயணிகளுக்குத்தான், குழந்தைகளுக்குக் கால்கள். இடையில் உள்ள பத்துப் பேர் இறங்கும் நேரத்துக்குள் அவன் உச்சியை எட்ட வேண்டும். பந்தயத்தில் உண்மையில் வேர்த்துக் களைத்தவன் அந்தப் பையன் என்றால் தவறில்லை. பரிசுப் பட்டியலில் அவன் பெயர் எங்கும் இல்லை.

தொடக்கத்தில் எண்ணிக்கை சொல்லவில்லை. பயிற்சியாளர் சிறுமியின் தோளில் மும்முறை தட்டுவார். மூன்றாம் தட்டில் கொடி தாழும். கீழே மூவர் தத்தம் கடிகாரத்தை அழுத்துவார்கள். மூன்றில் நடுவில் வரும் கணக்கை எடுத்துக்கொள்வது ஏற்பாடு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் நூறு பேர் இருக்கும். ஒருவரும் கைதட்டவில்லை. ஒவ்வொருத்தியும் கீழே வந்து சேரும்போது குலுத் தொப்பிகளைக் கழற்றி ஆட்டினார்கள். பலகையின் விளிம்பு இறுகிய பனியைக் கிழிக்கும் ஓசையும், தோள்பட்டு மடங்கும் கம்பத்தின் ஓசையும் மட்டுமே பள்ளத்தாக்கில் கேட்டன. கூச்சலுக்கு நடுவே அந்த விளையாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் உண்மையான ஒலி தெரியாது.

முதல் ஓட்டத்தில் பேத்தி அரை நொடிக்குச் சற்றுக் கூடுதலாக முந்தியிருந்தாள். இரண்டாம் ஓட்டத்தில் தோழி முதலில் இறங்கினாள். பலகை மேலே போயிற்று. கடைசியாகப் பேத்தி நின்றாள். அதற்குள் வெயில் ஏறிவிட்டது. நடுச்சரிவில் எட்டாம் கம்பத்து மேடு பதினோரு பேரின் வளைவில் தேய்ந்து, கம்பத்தை ஒட்டிய இடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு மண் தலைகாட்டியது. பாறையில் அமர்ந்திருந்த தாதிஜிக்கு அது நன்றாகத் தெரிந்தது. மேலிருந்து வருபவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

ஏழு கம்பங்கள்வரை அவள் வந்த வேகத்தைப் பார்த்தவர்கள், முடிந்தது என்று தொப்பியைக் கழற்றத் தொடங்கினார்கள். எட்டாவதில் அவள் கம்பத்தை உரசித் திரும்பவில்லை. ஒரு பாகம் விலகி, மண்ணைச் சுற்றிக்கொண்டு அகலமாக வளைந்தாள். அந்த வளைவிலிருந்து மீண்டு அடுத்த கம்பத்துக்கு வருவதற்குள் வேகம் கரைந்திருந்தது. நடுக்கடிகாரத்தின்படி, இரண்டு ஓட்டங்களையும் கூட்டியதில், தோழி ஒரு நொடியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் முதலாவது வந்தாள்.

மறு ஓட்டம் கேட்கலாம் என்று சிலர் பயிற்சியாளரின் காதில் சொன்னார்கள். மேடு தேய்ந்தது எவர் குற்றமும் அன்று. ஆனால் பந்தயத்தில் பாதை தேய்வது இயல்பு என்று அவர் மறுத்துவிட்டார். அது நியாயமா என்று இன்றும் அவ்வூரில் பேச்சுண்டு. இரண்டு பக்கமும் பேச இடமிருக்கிறது.

இரவு, அடுப்பின் அருகே வீடே கூடியிருந்தது. மலைவீடுகளில் தந்தூர் என்ற இரும்பு அடுப்பைக் கூடத்தின் நடுவில் வைத்துச் சுற்றி அமர்வார்கள். பேத்தி அந்தப் பலகைகளை இரண்டு முக்காலிகளின் மேல் கிடத்தி, விளிம்பை அரத்தால் நீவி, இஸ்திரிப் பெட்டியில் மெழுகை உருக்கிச் சொட்டவிட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விடியற்காலைப் பேருந்தில் தோழி செல்லவில்லை. முகாமுக்கு இன்னும் நாட்கள் இருந்தன. ஆனாலும் பந்தயம் முடிந்த அன்றே மெழுகு பூசி வைக்காவிட்டால் அடிப்பாகம் வறண்டுவிடும்.

தாதிஜி நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: "எட்டாவது கம்பத்தில் மண் தெரிந்ததல்லவா?"

"தெரிந்தது."

"அதனால்தான் விலகினாயா?"

"ஆம் பாட்டி. அடியில் கல் இருந்தால் பலகை கீறிப் போகும். குல்மர்க்கிற்கு யார் போனாலும் இதுதானே போக வேண்டும்?"

தாதிஜி அடுப்பில் ஒரு விறகை நகர்த்தி வைத்தாள். தான் எதிர்பார்த்த விடை அதுவன்று. அவள் எதிர்பார்த்த விடையைப் பேத்தி சொல்லியிருந்தால், பாட்டியின் மனம் குளிரச் சொன்னது என்று எண்ண இடம் இருந்திருக்கும்.

விரதம் முடிந்த நாளில் தாதிஜி கோஷாலுக்கு நடந்து சென்று, மண் விலக்குவதைக் கண்டு, பிரசாதத்துடன் திரும்பினாள். கட்டியிருந்த மணிகளை அவிழ்த்ததும் குழந்தைகள் முறை வைத்து அடித்த அடியில் காகங்கள் எல்லாம் எழுந்து பறந்தன. பேத்திக்காகக் குளிர்காலம் முழுவதும் அவள் பின்னிய தடித்த கம்பளிக் காலுறை ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, தோட்டத்துக் கீழ்வீட்டுக்குப் போய், நேபாளத்துப் பெண்ணின் பையில் வைத்தாள். பந்தயக் காலணிக்குள் மெல்லிய காலுறைதான் அணிய வேண்டும், தடித்தது போட்டால் கால் ஆடும் என்று பேத்தி வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "தூங்கும்போது போட்டுக்கொள்ளட்டும்" என்றாள் தாதிஜி.

நான்காம் நாள் இரவு குல்மர்க்கிலிருந்து தொலைபேசி வந்தது. தோழிகள் இருவரும் பேசி முடித்தபின் கருவி தாதிஜியின் கைக்கு வந்தது. அங்கே பனி தோள் உயரம் கிடக்கிறது, கம்பத்தை எவ்வளவு ஆழம் நட்டாலும் மண்ணே தென்படவில்லை என்று அந்தப் பெண் உரத்த குரலில் சொன்னாள். தாதிஜி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ராத்திரியில் காலுறை போட்டுக்கொள்கிறாயா என்று விசாரித்தாள்.